எழுத்து தெரிந்தது, போல்ட் தெரியவில்லை: ரோலர் அறையில் ஒரு ஏ.ஆர் ஹெட்செட்

இலங்கை மலையகத்தில் டிக்கோயா பக்கம் ஒரு தேயிலை பெக்டரி. ரோலர் மெஷினைப் பராமரிக்கும் வேலையைப் புதிய ஆட்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்காக அங்கே ஒரு ஆக்மென்டட் ரியாலிட்டி (ஏ.ஆர்) ஹெட்செட் வாங்கியிருந்தார்கள். கண்ணாடி வழியே எதிரில் இருப்பதையும் பார்க்கலாம், அதன்மேல் கணினி வரையும் படத்தையும் எழுத்தையும் பார்க்கலாம். வெளியிலிருந்து வந்த ஒரு குழு அதற்குச் செயலி செய்து கொடுத்தது. கொஞ்ச நாளில் ஹெட்செட் அலுமாரிக்குள் போய்விட்டது. “நம்ம ஆட்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை” என்று நிர்வாகம் நினைத்தது. அது உண்மையா என்று பார்த்துச் சொல்லத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

ஆட்களின் பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எதைக் காட்டுவது என்பதில் அந்தக் குழு நிறைய உழைத்திருந்தது. அதை எந்த வெளிச்சத்தில், கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் காட்டுவது என்பதை யாரும் கேட்கவில்லை. இந்த ஆய்வில் நாங்கள் கண்டதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைத்தவைதான்.

வேலை என்ன?

வாட்டிய கொழுந்து மேல் மாடியிலிருந்து இறங்கி ரோலருக்குள் விழுகிறது. கீழே வட்டமான மேசை, அதன்மேல் கொழுந்தைப் பிடித்துக்கொள்ளும் உருளை வடிவ ஜாக்கெட், மேலிருந்து அழுத்தும் மூடி. கிராங்க்குகள் சுற்றும்போது கொழுந்து மேசையில் மேடாக நிற்கும் பட்டைகளான பேட்டன்களில் உரசி முறுக்கேறுகிறது. பேட்டன் தேய்ந்தால் முறுக்கு சரியாக விழாது. தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் ஒரு பிடி இலையைக் கையில் எடுத்த உடனே அதைச் சொல்லிவிடுவார். தேய்ந்த பேட்டனைக் கழற்றி மாற்றுவது, கிராங்க் பேரிங்குக்குக் கிரீஸ் அடிப்பது, மூடியின் அழுத்தத்தைச் சரிபார்ப்பது எல்லாம் ஒரே ஒரு மெக்கானிக்கின் தலைக்குள் இருக்கிறது. அவருக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். மெஷினோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போகிறார்கள். பெக்டரியில் தங்குகிற ஒருவர் இருவருக்கு அவர் அறிந்ததைக் கொடுத்துவிட வேண்டும் என்ற கவலை நியாயமானது.

அதற்கு ஏ.ஆர் என்பதும் நல்ல யோசனைதான். ஆக்மென்டட் ரியாலிட்டி என்ற பெயரே இப்படி ஒரு தொழிற்சாலை வேலையிலிருந்து வந்தது. போயிங் நிறுவனத்தில் டாம் காடெல், டேவிட் மைசெல் என்ற இருவர், விமானத்துக்குள் போகும் வயர்க் கட்டுகளைத் தயாரிக்கும் ஆட்களுக்கு எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று பலகையின் மேலேயே காட்ட வழி தேடினார்கள். 1992இல் வந்த அவர்களுடைய கட்டுரை அதைப் பற்றியது. கை வேலை செய்கிற ஆளுக்குக் கண் முன்னாலேயே குறிப்பைக் கொடுப்பது என்ற நோக்கம் அன்றும் இன்றும் ஒன்றுதான். அதனால் “ஹெட்செட்டை விட்டுவிடுங்கள்” என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கறுப்பு என்ற நிறம் இல்லாத திரை

செயலியை முதலில் மடிக்கணினியில் பார்த்தோம். அழகாக இருந்தது. கருநீலப் பலகை, அதில் வெள்ளை எழுத்து. பக்கத்தில் கரும்சாம்பல் நிறத்தில் கியர்பாக்ஸின் முப்பரிமாணப் படம். ரோலர் அறைக்குப் போய் ஹெட்செட்டை மாட்டினால் பலகையே இல்லை. எழுத்து மட்டும் மெஷினின் மேல் கொட்டிக் கிடந்தது. கியர்பாக்ஸ் புகை மாதிரி மங்கலாக மிதந்தது.

இந்த வகை ஹெட்செட் வெளியிலிருந்து வரும் ஒளியோடு தன் ஒளியைக் கூட்டத்தான் முடியும், அதிலிருந்து எதையும் கழிக்க முடியாது. கறுப்பு என்றால் அதற்கு ‘ஒளி வேண்டாம்’ என்று பொருள். அப்படியென்றால் அந்த இடத்தில் பின்னால் இருப்பதுதான் தெரியும். கருநீலமும் கரும்சாம்பலும் ஏறக்குறைய அதே கதிதான். நிழல் வரையவும் முடியாது. கணினித் திரையில் பார்த்து நிறம் தேர்ந்தெடுக்கிற யாருக்கும் இது தெரியவராது, ஏனென்றால் அங்கே பின்னணியும் கணினி வரைந்ததுதான்.

வெளிச்சக் கணக்கையும் பார்க்க வேண்டும். பழைய தேயிலை பெக்டரிகளில் ஜன்னலுக்குக் குறைவில்லை. ஜன்னல் பக்கத்துச் சுவரில் 1,000 லக்ஸ் வெளிச்சம் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், வெள்ளையடித்த சுவர் சுமார் 250 நிட் பிரகாசத்தில் கண்ணுக்குத் தெரியும். ஹெட்செட் எழுத்தும் சில நூறு நிட் அளவில் இருந்தால், எழுத்துள்ள இடம் சுவரைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமாக மட்டுமே பிரகாசிக்கும். அச்சடித்த தாளில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு இதைவிடப் பல மடங்கு. ஜன்னலுக்கு எதிரில் நின்று படிக்க முடியாது என்று அந்த மெக்கானிக் முன்பே சொல்லியிருந்தார். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

திருத்தம் எளிதாக இருந்தது. பலகையை எடுத்தோம். எழுத்து மஞ்சள் கலந்த வெள்ளை, குறிகள் பச்சை, எல்லாம் தடித்த கோட்டில். எழுத்து எப்போதும் ரோலருக்குப் பின்னால் உள்ள இருண்ட தூணின் பக்கமாக வரும்படி வைத்தோம், ஜன்னல் பக்கம் ஒன்றும் வைக்கவில்லை. கியர்பாக்ஸ் படத்தை நீக்கிவிட்டோம். அதன் மூடியைக் கழற்றினால் உண்மையான கியர்பாக்ஸே அங்கே இருக்கிறதே.

கண்ணின் கணக்கு

இதுதான் நாங்கள் அதிக நேரம் செலவழித்த இடம். பெக்டரிக்குப் போன முதல் நாளே மெக்கானிக் அண்ணன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மேசையின் மேல் குனிந்தார். ஸ்பானர் கையில். கொஞ்ச நேரம் தலையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார்.

“தம்பி, எழுத்து பளிச்சினு தெரியுது. போல்ட்டுதான் தெரிய மாட்டேங்குது.”

“கண்ணாடி போடலையாண்ணே?”

“போட்டேன். அப்ப போல்ட் தெரியுது, எழுத்து போயிடுது.”

இந்த மூன்று வரியில் முழுப் பிரச்சினையும் இருக்கிறது. ஹெட்செட்டின் ஒளியியல் அமைப்பு, காட்டும் எல்லாவற்றையும் ஒரே குவிய தூரத்தில்தான் வைக்கிறது. பாவனையில் உள்ள பலவற்றில், மைக்ரோசொஃப்டின் ஹோலோலென்ஸ் 2 உட்பட, அது சுமார் 2 மீட்டர். எழுத்து 45 சென்டிமீட்டரில் மிதப்பது போலத் தோன்றலாம். இரண்டு கண்ணுக்கும் சற்று வேறுபட்ட படம் காட்டி அந்தத் தோற்றத்தை உண்டாக்கிவிடலாம். ஆனால் கண்ணின் லென்ஸ் கூர்மையாகப் பார்க்க வேண்டியது 2 மீட்டரைத்தான்.

இளம் கண்ணுக்கு இது சிரமம். 45 சென்டிமீட்டரில் உள்ள பொருளைப் பார்க்க இரண்டு கண்களும் சுமார் 8 பாகை உள்நோக்கித் திரும்ப வேண்டும், 2 மீட்டருக்கு 2 பாகைகூடத் தேவையில்லை. கண்கள் கிட்டப் பொருளுக்குத் திரும்புகின்றன, லென்ஸோ தூரத்துக்குக் குவிய வேண்டியிருக்கிறது. பிறந்ததிலிருந்து சேர்ந்தே இயங்கிப் பழகிய இரண்டு செயல்களையும் பிரித்து நடத்தச் சொல்கிறோம். லென்ஸின் கணக்கில் இந்த இடைவெளி 1.7 டயாப்டர் (லென்ஸின் திறனை அளக்கும் அலகு). இப்படிப் பிரிப்பது பார்வையைத் தாமதமாக்கும், கண்ணைக் களைப்பாக்கும் என்பதை ஹாஃப்மன், பேங்க்ஸ் முதலானோர் 2008இல் சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள். பயிற்சிக்கு வந்த பையன் “தலை வலிக்குதுண்ணே” என்று கழற்றி வைத்ததை நிர்வாகம் சோம்பல் என்று எடுத்துக்கொண்டது. அது சோம்பல் இல்லை.

வெள்ளெழுத்து வந்த கண்ணின் நிலைமை வேறு. அந்த வயதில் லென்ஸ் இறுகிவிடுகிறது, தூரத்தையும் பக்கத்தையும் அதனால் மாறி மாறிக் குவிக்க முடியாது. கண்ணாடி இல்லாமல் 2 மீட்டர் தெளிவாகத் தெரியும், ஆகவே எழுத்து தெரிகிறது. கையிலுள்ள போல்ட் மங்கல். பிளஸ் 2 பவர் கண்ணாடியைப் போட்டால் தெளிவு 50 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். போல்ட் தெரிகிறது, எழுத்து கரைந்துபோகிறது. போல்ட்டும் அதன்மேல் ஒட்டிய எழுத்தும் ஒரே இடத்தில் இருப்பதாக மூளை நம்பினாலும், கண்ணுக்கு அவை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு பொருள்கள். வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் இந்த வயதுக்காரர்கள். அவர்களால் சரிபார்க்க முடியாத செயலியில் பிழை இருந்தால் யார் சொல்வது? இது எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயம்.

தீர்வு மெக்கானிக் அண்ணன் தன் கண்ணாடியைப் பற்றிப் பேசியதிலிருந்தே வந்தது. பேரப்பிள்ளையின் திருமணத்துக்கு முன் இருகுவியக் கண்ணாடி எடுக்கலாம் என்றிருந்தவர், இதற்காக முன்கூட்டியே எடுத்தார். அதன் மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி கிட்டப் பார்வைக்கு. ஆகவே படிக்க வேண்டியதை நிமிர்ந்து பார்க்கும் உயரத்தில், 2 மீட்டர் தள்ளி வைத்தோம். குனியும்போது கண் முன்னால் எதுவும் இருக்காது. குனிந்தால் கை, நிமிர்ந்தால் எழுத்து. ஹெட்செட்டின் எடையும் இதற்கு ஒரு காரணம். ஹோலோலென்ஸ் 2 அரைக் கிலோவுக்கு மேல், 566 கிராம். அப்படி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு குனிந்தபடியே வாசிக்கச் சொல்வது நியாயமில்லை.

போல்ட்டைக் காட்டவே வேண்டாமா? வேண்டும். ஆனால் ஆள் நிற்கும் இடத்திலிருந்து காட்டினால் போதும். ஒரு மீட்டருக்கு அப்பால் நிற்கும்போது ‘இந்த பேட்டன்’ என்று பச்சை வளையம் வரும். கிட்டப் போகப் போக மங்கி, கை எட்டும் தூரத்துக்கு வருமுன் மறைந்துவிடும். ஹோலோலென்ஸுக்கான வடிவமைப்பு வழிகாட்டியும் 1.25 முதல் 5 மீட்டர் வரைதான் வசதியான தூரம் என்கிறது. 40 சென்டிமீட்டரில் மங்கச் செய்யத் தொடங்கச் சொல்கிறது. நாங்கள் அதைவிட முன்னாலேயே மறைத்தோம். ஸ்பானர் பிடித்த கைக்கும் கண்ணுக்கும் நடுவில் எதுவும் வரக்கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

தமிழ் எழுத்து

பழைய செயலியில் ஆங்கிலம் சரியாக வந்தது. தமிழுக்கு மாற்றியபோது ‘போல்ட்டை’ என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் விழுந்தது. இம்மாதிரி செயலிகளைக் கணினி விளையாட்டு எஞ்சின்களில்தான் செய்கிறார்கள். அவற்றின் எழுத்துக் கருவிகள் பல, ஒவ்வொரு குறியையும் வந்த வரிசையில் வரைந்துகொண்டு போகும். ஒற்றைக்கொம்பும் சங்கிலிக்கொம்பும் இடம் மாறி முன்னால் வர வேண்டும், ‘கு’வும் ‘டு’வும் வேறு வடிவம் எடுக்க வேண்டும் என்பது அவற்றுக்குத் தெரியாது. வேலையின் படிகள் மாறாதவை என்பதால் நாங்கள் எல்லா வாக்கியங்களையும் கணினியில் சரியாக வரைந்து, படமாகவே உள்ளே ஏற்றினோம்.

அளவுதான் இதைவிடக் கடினம். 2 மீட்டரில் எழுத்து குறைந்தபட்சம் 12 முதல் 14 மில்லிமீட்டர், சிரமமில்லாமல் படிக்க 21 முதல் 26 மில்லிமீட்டர் உயரம் இருக்கட்டும் என்று வழிகாட்டி சொல்கிறது. அது ஆங்கில எழுத்தை மனதில் வைத்த கணக்கு. தமிழில் மேலே புள்ளி, கீழே வால். எங்கள் படிகளில் ‘மூடியை இறக்கு’, ‘போல்ட்டை இறுக்கு’ என்று இரண்டு உண்டு. ‘ற’வுக்கும் ‘று’வுக்கும் நடுவில் உள்ள சிறு வளைவு, ஒளி சிந்தும் எழுத்தில் முதலில் அழிகிறது. ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிட்டால் ஆபத்து. அதனால் எழுத்தைப் பெரிதாக்கியதோடு, ‘மூடியைக் கீழே கொண்டுவா’ என்று வாக்கியத்தையே மாற்றினோம். பெரிய எழுத்துக்கு இடம் வேண்டும். ஹோலோலென்ஸ் 2இன் பார்வைப் பரப்பு கிடைமட்டமாக 43 பாகை, செங்குத்தாக 29. 2 மீட்டரில் அது ஏறக்குறைய 1.6க்கு 1 மீட்டர் ஜன்னல். அதற்குள் தலையைத் திருப்பாமல் படிக்க வேண்டுமென்றால் ஒரு படிக்கு ஒரு வாக்கியம், அதுவும் சிறியது. மெக்கானிக் அண்ணன் சொல்லச் சொல்ல எழுதியபோது வாக்கியங்கள் தாமாகவே அப்படித்தான் வந்தன. “மெயின் சுவிட்சை அணை. போர்டைத் தொங்கவிடு.” பழைய செயலியில் இந்த முதல் படியே இல்லை.

இடத்தில் நிற்பது

வளையம் சரியான பேட்டனில் நிற்க வேண்டும். ஹெட்செட் தன் கமராக்களால் அறையைப் பார்த்துத் தான் எங்கே இருக்கிறது என்று கணிக்கிறது. பக்கத்து ரோலர் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த அசைவும் கணக்கில் கலந்துவிடுகிறது. மேல் மாடியில் ஒரே மாதிரி வரிசையாக உள்ள வாட்டும் தொட்டிகளுக்கு நடுவில் அது இடத்தையே மாற்றிக் கணித்தது. ஒரு பாகை பிசகினால் 2 மீட்டரில் 3.5 சென்டிமீட்டர். பக்கத்துப் போல்ட்டைக் காட்ட அது போதும்.

ரோலரின் அசையாத காலில் ஒரு கியூஆர் தகடு பொருத்தி அதிலிருந்து தூரத்தை அளக்கவைத்தோம், காட்டுவது எல்லாம் அதிலிருந்து 3 மீட்டருக்குள். தனிப் போல்ட்டைச் சுட்டும் வேலையையும் விட்டோம். வளையம் ஒரு பேட்டனைச் சுற்றி விழும், எந்தப் போல்ட் என்பதை வாக்கியத்தோடு வரும் புகைப்படம் சொல்லும். கருவியால் நிச்சயமாகச் சொல்ல முடியாததை நிச்சயம் போலக் காட்டக்கூடாது.

தலையை வேகமாகத் திருப்பினால் எல்லாம் ஒரு கணம் நழுவும். விநாடிக்கு 100 பாகை திரும்பும் தலைக்கு 20 மில்லிவிநாடித் தாமதம் 2 பாகைப் பிழை, அதாவது 2 மீட்டரில் 7 சென்டிமீட்டர். நல்ல ஹெட்செட்டுகள் தலை போகும் திசையை முன்கணித்து, கடைசி நொடியில் படத்தை நகர்த்திச் சரிசெய்துகொள்கின்றன. நிதானமாகச் செய்யும் இந்த வேலையில் அது பெரிய தொல்லையாக இல்லை.

கவ்வாத்து மலையில்

உள்ளே வேலை ஒழுங்கானதும், இதை மலையில் கவ்வாத்துக்கும் கொண்டுபோகலாமா என்று கேட்டார்கள். செடியை எந்த உயரத்தில் வெட்ட வேண்டும் என்று ஒரு கோடு காட்டினால் புதிய ஆட்களுக்கு உதவும் அல்லவா?

போய்ப் பார்த்தோம். மேகம் மூடிய பகலில்கூட வெளியே 10,000 லக்ஸ் அளவு வெளிச்சம் இருக்கும், நல்ல வெயிலில் 1,00,000. வெயிலில் தேயிலை இலையே ஆயிரக்கணக்கான நிட்டில் மினுங்குகிறது. கோடு கண்ணுக்குத் தெரியவே இல்லை. தென்மேல் பருவத்தில் பனிமூட்டம் இறங்கினால் பின்னணி முழுக்க வெள்ளை, அதுவும் உதவாது. காற்றில் இலை அசைவதால் கமராவுக்கும் பிடிமானம் இல்லை. தூரம் அளக்கும் அகச்சிவப்பு உணரியும் வெயிலில் பலவீனப்படுகிறது.

இதற்குத் தொழில்நுட்பத்தில் பதில்கள் இருக்கின்றன. 2022இல் வந்த மேஜிக் லீப் 2 பின்னணியை மங்கலாக்கி எழுத்தை எடுத்துக்காட்டும். 2023இல் வந்த மெட்டா குவெஸ்ட் 3 போன்றவை வெளியுலகை கமரா வழியாகத் திரையில் காட்டுகின்றன, அதனால் கறுப்பும் வரையலாம். நான் இரண்டையும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். செங்குத்தான சரிவில், ஈர மண்ணில், கையில் கவ்வாத்துக் கத்தியோடு நிற்கிற ஆளுடைய பார்வையை மங்கலாக்கும் எதையும் அவர் முகத்தில் மாட்டக்கூடாது. கமரா வழியாகப் பார்ப்பவருக்கு பேட்டரி நின்றால் ஒன்றுமே தெரியாது. அளவு குறித்த ஒரு கம்பு அந்த வேலையைச் செய்கிறது. எந்த வெளிச்சத்திலும் செய்கிறது.

இப்போது இருப்பது

ரோலர் அறையில் ஹெட்செட் பாவனையில் இருக்கிறது. காட்டப்படுவது மிகக் கொஞ்சம்: ஒரு வாக்கியம், ஒரு புகைப்படம், தூரத்தில் நிற்கும்போது ஒரு வளையம். பயிற்சிக்கு வந்த இருவரும் பேட்டன் மாற்றும் வேலையை அண்ணன் பக்கத்தில் நின்றிருக்க, தாங்களே செய்து பார்த்தார்கள். நடுவில் ஒருவர் நிறுத்தி, “அண்ணே, கிரீஸ் அடிக்கிறதுக்கு முன்னால பழைய கிரீஸை வழிக்கணுமே, இதுல இல்லையே” என்றார். உண்மைதான், அந்தப் படி விடுபட்டிருந்தது. அண்ணனுக்கு அது பேசாமலே கை செய்கிற வேலை என்பதால் சொல்லத் தோன்றவில்லை. அன்றே சேர்த்தோம்.

எல்லாப் படிகளையும் புகைப்படங்களையும் சாதாரணக் கோப்புகளாகத் தனியே வைத்திருக்கிறோம். அவற்றை அச்சடித்துச் சுவரிலும் மாட்டியிருக்கிறோம், போனிலும் பார்க்கலாம். ஹெட்செட்டுகளின் ஆயுள் குறைவு. ஹோலோலென்ஸ் 2இன் உற்பத்தியே 2024இல் நின்றுவிட்டது, அதற்கான மென்பொருள் பாதுகாப்பு 2027 இறுதிவரைதான். ரோலர்கள் அதற்குப் பிறகும் பல வருடம் ஓடும்.

அடுத்தது இலையை உலர்த்தும் ட்ரையர். அங்கே சூடு அதிகம், ஹெட்செட் சூடேறித் தானாக அணைந்துவிடும் வாய்ப்பு உண்டு. அதனால் அடுப்பு ஆறிய பிறகு செய்யும் வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். எவை எவை என்ற பட்டியலை அண்ணனும் டீ மேக்கரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.